இரட்டை முடிச்சு

மட்டாஞ்சேரியில் அந்தச் சந்துக்குள் சாயங்காலம் ஆகிவிட்டால் யாராக இருந்தாலும் இருமித்தான் தீர வேண்டும். மிளகாய்க் கிடங்கில் காலிச் சாக்குகளை உதறுகிற நேரம் அது. கதவைச் சாத்தினாலும் ஈரத்துண்டை மூக்கில் கட்டினாலும் தப்ப முடியாது. ஜூ டவுனில் பழம்பொருள் பார்க்க வந்து வழி தவறி நுழைகிற வெள்ளைக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த வழியே ஓடுவார்கள். பிறந்ததிலிருந்து அங்கேயே கிடப்பவர்களுக்குக்கூடப் பழகாத காரம். அன்றைக்கும் சாக்கை உதறினார்கள். எதிர்வீட்டு மஞ்சுஷா இருமினாள், அவளுடைய கோழிகூட ஒரு மாதிரி செருமியது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த சுப்புராஜ் மட்டும் இருமவில்லை.

பொன்மணி அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். கட்டினவன் இருமவில்லையே என்று கவலைப்படுகிற பெண்டாட்டி ஊரில் வேறு எவளாவது உண்டா என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டாள். சிரிப்பு வரவில்லை. சாயா பொங்கியதும் எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை ஊற்றி, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய் அவனிடம் நீட்டினாள். அவன் ஊதவில்லை, ஆற்றவில்லை. பச்சைத்தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

"சுடலையா?" என்று கேட்டாள்.

"இல்லியே," என்றான். தெருவைப் பார்த்தபடியே சொன்னான்.

எதிர்வாசலில் மஞ்சுஷாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஸ்நேஹா நின்றிருந்தாள். பொன்மணியின் ஒரே பெண், இந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறாள். "வாடி குட்டி, சோறு உண்ணலாம்," என்று பொன்மணி கையை நீட்டினாள். குழந்தை மஞ்சுஷாவின் நைட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கும் இங்கயே கிடக்கட்டும் சேச்சி," என்றாள் மஞ்சுஷா. "வீட்டுக்குப் போலாம்னாலே நடுங்குறா. அண்ணன் சேறும் மண்ணுமா வந்து நின்னத அன்னிக்குப் பார்த்தா இல்ல, அதான். நாலு நாள்ல மாறிரும்."

பொன்மணி தலையாட்டினாள். நாலு நாள் எப்போதோ போய்விட்டது.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பொழித்துருத்தில் வேலை. காயலுக்கு நடுவே வனத்துறை வேலி போட்டுக் காக்கிற சின்னத் தீவு அது. எந்தக் காலத்திலோ இறால் வளர்க்கிறேன் பேர்வழி என்று அங்கிருந்த கண்டல் என்கிற அலையாத்தி மரங்களை ஒட்ட வெட்டிவிட்டார்கள். இப்போது ஒரு தொண்டு நிறுவனம் அதே சேற்றில் மறுபடி கண்டல் நட்டுக் காட்டை மீட்டுக்கொண்டிருக்கிறது. நடுவது சுப்புராஜ். நட்டது பிழைத்ததா என்று மாதாமாதம் பார்ப்பது பொன்மணி. ஒவ்வொரு கன்றிலும் நம்பர் அடித்த தகடு ஒன்று கறுப்பு நைலான் கயிற்றில் தொங்கும். அவள் வரிசையாக நடந்து, நம்பரைப் படித்து, உயரம் அளந்து, போனில் படம் எடுத்து, தேவராவில் இருக்கிற அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

பிழைத்தது பாதிகூட இல்லை என்பதுதான் உண்மை. அந்தச் சேறு எதையும் எளிதில் பிடித்து வைத்துக்கொள்ளாது. ஆனால் பாதி செத்தது என்று எழுதினால் திட்டமே நின்றுபோகும், அடுப்பில் பூனை தூங்கும். மேலதிகாரி சுதீர் சார் நல்ல மனுஷர். செத்ததை மறைக்கச் சொல்லி ஒருநாளும் அவர் வாயால் சொன்னதில்லை. "ஒழிஞ்ச இடத்துல வேறொண்ணு நின்னா மதி, போதும் பொன்மணி," என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அது போதாதா? செத்த கன்றைப் பிடுங்கி, அதன் தகட்டை அவிழ்த்து, நாற்றங்காலிலிருந்து கொண்டுவந்த புதுக்கன்றில் கட்டிவிடுவார்கள். அதே இடம், அதே நம்பர், அதே உயரம். பிடுங்கியதை வரிசைக் கோடியில் இருக்கிற ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேற்றுக்குள் மிதித்துப் புதைத்துவிடுவார்கள். காதும் காதும் வைத்த மாதிரி வேலை முடிந்துவிடும்.

பொய் சொன்னாலும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்கிற கட்சி பொன்மணி. எது அசல், எது மாற்று என்று தனக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று அவளே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். அசல் கன்றுக்கு ஒற்றை முடிச்சு. மாற்றுக் கன்றுக்கு இரட்டை முடிச்சு. சுப்புராஜுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவர்கள் இருவரையும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

போன மாதம் அந்தக் கயிற்றுச் சுருளில் மிச்சம் இருந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சுப்புராஜின் அரைஞாண் அறுந்து போயிருந்தது, அவனுக்கு ஒன்று கட்டினாள். கண்ணேறு படாமல் இருக்கட்டும் என்று ஸ்நேஹாவின் இடுப்பில் ஒன்று. "உனக்கு மட்டும் வேண்டாமாக்கும்," என்று சிரித்துக்கொண்டே அவன் குனிந்து அவளுடைய இடது கணுக்காலில் ஒன்றைக் கட்டினான். எல்லாம் ஒற்றை முடிச்சுதான். முடிந்த நுனிகளைத் தீக்குச்சியால் சுட்டுவிட்டார்கள். கயிறு கருகிய நாற்றத்துக்குக் குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கூத்தாடியது நேற்று நடந்ததுபோல் இருந்தது.

அதற்கப்புறம்தான் அந்த நாள் வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. செத்த கன்றுகளை ஓடையில் போடப் போன சுப்புராஜ் சேற்றுக்குள் இடுப்புவரை இறங்கிவிட்டான். அவள் அளவுகோலை நீட்டினாள், அவன் பிடித்தான், அவளும் இறங்கினாள். சேறு மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, வாய்க்குள் வந்தது. அதன் உப்பு அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், படகோட்டி முகமது இஸ்மாயில் இக்காவின் எஞ்சின் வள்ளத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், மழை அவர்களைக் கழுவிக்கொண்டிருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடவுள் காப்பாற்றினார் என்று சந்தே சொன்னது. அவளுக்கு நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. பயந்த உடம்பு அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

சுப்புராஜ் இருமாமல் உட்கார்ந்திருந்த அன்று இரவு மின்சாரம் போனது. மழை ஓட்டின் மேல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது, கிடங்குப் பக்கத்திலிருந்து எலிகள் சாக்கை அறுக்கிற சத்தம் வந்து வந்து நின்றது, கூரையிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது, அவற்றுக்கு அடியில் இன்னொரு சத்தமும் இருந்தது. சேற்றுத்தரையில் தண்ணீர் வடியும்போது நண்டு வளைகளிலிருந்து குமிழ் வெடிக்குமே, அந்த மெல்லிய சத்தம். பொழித்துருத்தில் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள் அவள். மட்டாஞ்சேரி வீட்டுக்குள் அது கேட்க நியாயமில்லை. மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு போனாள். சத்தம் சுப்புராஜ் படுத்திருந்த பாயிலிருந்து வந்தது.

அவன் கண்ணைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தான். நகக்கண்களில் கறுப்புச் சேறு இருந்தது. இந்த மாதம் நடவு கிடையாது. ஆனால் மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டி ஈரமாக இருந்தது.

"எங்க போனீங்க?" என்றாள்.

"குழி எடுத்து வச்சேன்," என்றான். நடுவதற்கு முதல்நாளே குழி எடுத்து வைப்பது அவன் வழக்கம்.

"யாரு சொன்னா? ஒண்ணும் வைக்க வேண்டாமே இப்ப."

"ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு," என்றான். அப்புறம் ஏதோ மறந்துபோனதை ஞாபகப்படுத்திக்கொள்கிறவன்போலச் சொன்னான்: "குட்டியக் கூட்டிட்டு ஒரு நாள் போலாம் பொன்னு. கொக்கு காட்டலாம்."

திரும்பிப் படுத்தான். லுங்கிக்கு மேலே அரைஞாண் தெரிந்தது. மெழுகுவர்த்தியைச் சற்றுத் தாழ்த்தினாள். அவள் கட்டியதுதான், அவள் சுட்ட நுனிதான். ஒரு முடிச்சு. அதன்மேல் இன்னொரு முடிச்சு.

அலற வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அலறல்தான் வரவில்லை. மெழுகு உருகி விரல் மேல் வழிந்து உறைந்தது. அவள் விடிகிறவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் தேவராவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவன் தலையை ஆட்டினான். மஞ்சுஷாவின் வீட்டுக்குப் போனாள். ஸ்நேஹா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் வர்ற வரைக்கும் குட்டி உன்கூடவே இருக்கட்டும். யாரு வந்து கேட்டாலும் விடாத."

"யாரு சேச்சி கேக்கப் போறா?" என்று மஞ்சுஷா சிரித்தாள்.

"அவங்க அப்பன் கேட்டாலும்," என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் பைத்தியம் என்பார்களே என்று விழுங்கிவிட்டாள். அந்த ஒரு சொல்லை அவள் சொல்லியிருக்கலாம்.

படகுத்துறையில் முகமது இஸ்மாயில் இக்கா எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். துருத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவர் அவர்தான். "இன்னிக்கு வேண்டாம் மோளே, மழை கனக்கும்," என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். பக்கத்து மரக்குற்றியில் சுப்புராஜின் சின்ன வள்ளம் கட்டிக் கிடந்தது.

பாதி வழியில் அவள் கேட்டாள். "இக்கா, அன்னிக்கு எங்களச் சேத்துலேருந்து நீங்கதானே இழுத்தீங்க?"

"நானா?" என்றார் இஸ்மாயில். "நான் சாயா குடிச்சிட்டு வரும்போ நீங்க ரெண்டு பேரும் வள்ளத்துல ஏறி இருந்தீங்களே. விளிச்சா மிண்டல. பேச்சே இல்ல. பேடிச்சு, பயந்து போன ஆளுங்கதானேன்னு நானும் ஒண்ணும் கேக்கல."

துருத்தில் தண்ணீர் வடிந்திருந்தது. இக்காவை வேலியோரம் நிற்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் வரிசைக்குள் இறங்கினாள். இரண்டு பக்கமும் கன்றுகள் அவளுடைய இடுப்புயரத்துக்கு நின்றன, தகடுகள் காற்றில் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன, இலைகளிலிருந்து மழைநீர் சொட்டியது, சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் குத்திக்கொண்டு நின்றன. அழுகிய முட்டை நாற்றம் வீச வேண்டிய இடம் அது. புதிதாக வருகிறவர்கள் வாந்தி எடுப்பார்கள். அவளுக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. மிளகாய்க் காரமும் தெரிந்து பல நாளாகிறது என்பது அந்த நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

அவள் நடையை நிறுத்தினாள். நேற்று இருமாமல் இருந்தது அவன் மட்டும்தானா?

மேலே நினைக்காமல் நடந்தாள்.

ஓடை வந்தது. செத்த கன்றுகளை அவர்கள் மிதித்துப் புதைத்த இடம். மழை மேல்சேற்றைக் கரைத்துவிட்டிருந்தது. பிடுங்கிய கன்றுகள் வேரும் தண்டுமாக வெளியே தெரிந்தன. நடுவே ஒரு தோள். அவள் முழங்காலில் உட்கார்ந்து கையால் சேற்றை ஒதுக்கினாள். அவசரப்படவில்லை. நெற்றி வந்தது. மூடிய கண் வந்தது. மீசை வந்தது.

சுப்புராஜ்.

உடுப்பு இல்லை. இடுப்பில் அரைஞாண் இல்லை. அது இருந்த இடத்தில் வெளுத்த கோடு மட்டும். அவன் கன்னத்தில் கையை வைத்தாள். இத்தனை நாள் இவனை இங்கே விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற அதற்குச் சாயா போட்டுக் கொடுத்திருக்கிறாள். அழ வேண்டும். நெஞ்சைப் போட்டு அடித்துக்கொள்ள வேண்டும். கண் வறண்டு கிடந்தது.

அவன் கை நீண்டிருந்தது. எதையோ பிடித்திருந்தது. அளவுகோல். அவள் நீட்டியது. அதன் மறுமுனை சேற்றுக்குள் போயிற்று.

மறுமுனையிலும் ஒரு கை.

ஒதுக்கினாள். வளையல் தடம். தோள். கூந்தல், சேற்றோடு சேறாக. முகத்தைத் துடைத்தாள். மழையும் துடைத்தது.

கண்ணாடி இல்லாமல் தன் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அவள் எழுந்திருக்கவில்லை. கூச்சல் போடவில்லை. இடது காலை நீட்டினாள். சுடிதார் காலை மேலே சுருட்டினாள். கறுப்புக் கயிறு. தடவினாள். ஒன்று.

இரண்டு.

பக்கத்தில் புதுக்குழி ஒன்று இருந்தது. ஓரம் நறுக்காக வெட்டியிருந்தது. சுப்புராஜின் கைவேலை. ஆழம் அதிகமில்லை. நீளமும் அதிகமில்லை. தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை. இன்னும் இல்லை.

எப்படி வேலியோரம் வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. ஓடியிருக்க வேண்டும். மூச்சு வாங்கவில்லை. "வீட்டுக்கு, இக்கா. வேகம்," என்றாள். வள்ளம் திரும்பியது. ஸ்நேஹாவை மஞ்சுஷாவிடமே ஒப்படைத்துவிட வேண்டும், எங்காவது தூரமாக, காயல் இல்லாத ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடச் சொல்ல வேண்டும். தானும் தொடக்கூடாது. தான் அவளுடைய அம்மா இல்லைதான். ஆனால் அம்மாவின் ஞாபகமெல்லாம் தன்னிடம்தானே இருக்கிறது? அந்த ஞாபகம் போதும், இந்த ஒரு காரியத்துக்குப் போதும் என்று பொன்மணி நினைத்தாள். மரத்த உடம்புக்குள் அது ஒன்றுதான் உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது.

மழை கனத்தது. காயலின் மறுகரை மறைந்தது. வெள்ளைத் திரைக்குள் தூரத்தில் ஒரு சின்ன வள்ளம் எதிர்த்திசையில், துருத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பச்சை மழைக்கோட்டு போட்ட ஒருவன் துடுப்பு போட்டான். அவன் முன்னால் ஒரு குட்டிக் குடை. மஞ்சளில் வாத்துப் படம் போட்ட, ஸ்நேஹாவின் பள்ளிக்கூடக் குடை.

"இக்கா! திருப்புங்க! திருப்புங்க!"

இஸ்மாயில் திருப்பினார். எஞ்சின் இருமியது, நின்றது. மழைக்கு அடித்துக்கொண்டு வந்த ஆகாயத்தாமரை விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தார். வேர் வேராக அறுத்தார். அவள் வெறுங்கையால் தண்ணீரைத் தள்ளினாள். வள்ளம் நின்ற இடத்திலேயே ஆடியது. மஞ்சள் குடை சின்னதாகியது. ஓடை வாய்க்குள் திரும்பியது. மறைந்தது.

அறுத்தார். அறுத்துக்கொண்டே இருந்தார்.

எஞ்சின் பிடித்தபோது மழை விட்டிருந்தது. துருத்தை நெருங்கினார்கள். ஓடை வாயிலிருந்து அந்தச் சின்ன வள்ளம் மெதுவாக வெளியே வந்தது. முனையில் ஸ்நேஹா உட்கார்ந்திருந்தாள். தலைமுதல் கால்வரை நனைந்திருந்தாள். குடையைக் காணோம். அம்மாவைப் பார்த்ததும் கையை உயர்த்தி ஆட்டினாள்.

"பேடிச்சது வெறுதே, சும்மாதான் மோளே," என்று இஸ்மாயில் பெருமூச்சு விட்டார். "நோக்கு, குட்டி சிரிக்கிறாளே."

இரண்டு வள்ளமும் பக்கத்தில் வந்து இடித்தன. எத்தனையோ நாளாக முகம் கொடுக்காத குழந்தை, தானே எட்டு வைத்துத் தாண்டி வந்து, பொன்மணியின் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அம்மா," என்றாள். சுப்புராஜ் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை குளிர்ந்திருக்கிறாளா, சுடுகிறாளா என்று பொன்மணிக்குத் தெரியவில்லை. நனைந்த சட்டைக்குள் கையை விட்டாள். இடுப்பில் கயிறு இருந்தது. விரல் அதன்மேல் மெதுவாக நகர்ந்தது. முடிச்சு தட்டுப்பட்டது. அதற்குமேல் விரலை நகர்த்த வேண்டாம் என்றுதான் நினைத்தாள்.

நகர்த்தினாள்.

அன்று மாலையும் மிளகாய்க் கிடங்கில் சாக்கு உதறினார்கள். சந்து முழுக்க இருமியது. மஞ்சுஷா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள், அப்பன்காரன் வந்து கேட்டால் எப்படி அனுப்பாமல் இருப்பது என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று. படியைத் தாண்டியவள் அப்படியே நின்றாள். எதிர்வாசலில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து, ஆவி பறக்கிற சாயாவை ஊதாமல் குடித்துக்கொண்டிருந்தார்கள். காரம் புகைபோலச் சந்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் கண்ணைக்கூட இமைக்காமல் அவளையே பார்த்தார்கள். "இங்க வா மஞ்சு சேச்சி," என்று ஸ்நேஹா கையை நீட்டிக் கூப்பிட்டாள்.